துல்லியம் 98.6-லிருந்து 81-க்கு இறங்கினால் ஆய்வு வீணா?

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நீரிழிவு நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பை, கண்ணின் உட்புறப் படங்களைக் கொண்டு டீப் லேர்னிங் மூலம் கண்டறிவது என் தலைப்பு. தரவுப் போட்டிகள் நடக்கும் காகிள் தளத்தில் கிடைக்கும் ஆப்டாஸ் 2019 போட்டியின் படங்களைப் பயன்படுத்தினேன். கடுமையான பாதிப்பைக் காட்டும் படங்கள் குறைவாக இருந்ததால் ஒவ்வொரு படத்தையும் சுழற்றியும் புரட்டியும் வெளிச்சத்தை மாற்றியும் ஒன்பதாகப் பெருக்கினேன். மற்ற பிரிவுகளையும் அதற்கு ஈடாகப் பெருக்கினேன். பிறகு எல்லாவற்றையும் கலைத்து, பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 சதவீதம் என்று பிரித்தேன். படங்களிலிருந்து எடுத்த பண்புகளில் பயனுள்ளவற்றைப் பொறுக்கும் அம்சத் தேர்வுக்கு கிரே வுல்ஃப் என்ற கணினி முறை. துல்லியம் 98.6 சதவீதம் வந்தது. ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ் ஒன்றில் கட்டுரையும் வெளியாகிவிட்டது.

சென்ற மாதம் எங்கள் எம்.இ. மாணவி ஒருத்தி என் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், முதலில் பிரித்துவிட்டுப் பிறகு பெருக்கினால் எண் குறைகிறதே?" என்று கேட்டாள். நானே செய்து பார்த்தேன். 81 சதவீதம்தான் வருகிறது. மறுபடி மறுபடி ஓட்டியும் அதே கதை.

கைடிடம் சொன்னேன். "இப்போது கையை வைத்தால் எல்லாம் தள்ளிப்போகும். இதே தரவில் எல்லோரும் 97, 98 என்றுதான் போடுகிறார்கள். உங்களுடையதை மட்டும் யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?" என்கிறார். ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க நான்கு மாதம் இருக்கிறது. எனக்குத் தூக்கமே வருவதில்லை. நான் செய்தது மோசடியா? 81-ஐ வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியுமா? வெளிவந்த கட்டுரையை என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளுக்கும் முதலில் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது மோசடி அன்று, பிழை. 81-ஐ வைத்துப் பட்டம் வாங்கலாம். வெளிவந்த கட்டுரையைப் பற்றி இதழின் ஆசிரியருக்கு நீங்களே எழுத வேண்டும். இவற்றில் முதல் பதில் இன்றைய நிலைக்கு மட்டுமே பொருந்தும். காரணம் தெரிந்த பிறகும் அதே 98.6-ஐ தீசிஸில் அச்சிட்டால், அதைப் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன்.

மருத்துவப் படங்களில் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தும் ஆய்வேடுகளைத் தேர்வாளராகப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் நான் கேட்கும் முதல் கேள்வியே, "படங்களைப் பெருக்கியது பிரிப்பதற்கு முன்பா, பின்பா?" என்பதுதான். அதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் மீதி அத்தியாயங்களில் உள்ள எந்த அட்டவணையையும் என்னால் நம்ப முடிவதில்லை. உங்களுக்கு அந்தக் கேள்வி வைவா அறையில் வராமல், ஆய்வுக்கூடத்திலேயே, உங்கள் மாணவியிடமிருந்து வந்திருக்கிறது. அது நல்லதுதான். புதிய கட்டுரை எழுதும்போது அந்தப் பெண்ணின் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேருங்கள். கேள்வி அவளுடையது.

ஏன் எண் இறங்கியது என்பதை உங்கள் தரவை வைத்தே பார்ப்போம், ஏனென்றால் கைடிடமும், ஆய்வைக் கண்காணிக்கும் டி.சி. (டாக்டரல் கமிட்டி) கூட்டத்திலும் இதை நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். ஆப்டாஸ் தொகுப்பில் தரம் குறித்துத் தரப்பட்ட பயிற்சிப் படங்கள் 3,662. அரவிந்த் கண் மருத்துவமனையின் பணியாளர்கள் கிராமப்புறங்களுக்குச் சென்று எடுத்து, மருத்துவர்கள் தரம் பிரித்தவை. பாதிப்பு இல்லாதவை 1,805, லேசானவை 370, நடுத்தரம் 999, கடுமையானவை 193, புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துவிட்ட முற்றிய நிலை 295. அந்த 193-ஐ நீங்கள் ஒன்பதாகப் பெருக்கி 1,737 ஆக்கினீர்கள். இப்போது சோதனைப் பக்கம் விழுந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கண்ணிலிருந்து பிறந்த எட்டு உடன்பிறப்புகள் அதற்கு உண்டு. எட்டில் ஒன்றுகூடப் பயிற்சிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டுமானால், எட்டும் அந்த 20 சதவீதத்துக்குள்ளேயே விழ வேண்டும். ஐந்தில் ஒன்று என்பதை எட்டு முறை பெருக்கினால், ஏறத்தாழ மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் ஒரு வாய்ப்பு. அதாவது, உங்கள் சோதனைத் தொகுப்பில் இருந்த கடுமையான பாதிப்புப் படங்களில், மாடல் முன்பே பார்த்திராத கண் ஒன்றுகூட இல்லை என்றே சொல்லிவிடலாம். மாதிரித் தேர்வில் போட்ட கணக்கையே தலைகீழாக அச்சடித்துப் பொதுத்தேர்வில் கொடுத்ததுபோல. 98.6 வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தப் பிழைக்கு ஆய்வாளர்கள் தரவுக் கசிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிறிய கல்லூரியில், கேட்க ஆளில்லாமல் ஆய்வு செய்பவர்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ணிக் கூனிக் குறுக வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று மார்பு எக்ஸ்ரேக்களிலிருந்து நிமோனியாவைக் கண்டறியும் செக்ஸ்நெட் என்ற மாடலை வெளியிட்டது. 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள். கட்டுரையின் முதல் வடிவில் படங்களை அப்படியே கலைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரே நோயாளியின் எக்ஸ்ரேக்கள் இரு பக்கமும் விழுமே என்று வெளியிலிருந்து கேட்டபோது, நோயாளிவாரியாகப் பிரித்து மீண்டும் ஓட்டி, திருத்திய வடிவை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனைச் சேர்ந்த சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், 17 ஆய்வுத் துறைகளில் 294 கட்டுரைகள் இந்தக் கசிவால் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவற்றில் மருத்துவமும் உண்டு, அரசியல் அறிவியலும் உண்டு.

கோவிட் காலத்தில் நடந்தது இன்னும் வேதனை. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் கோவிட்டைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று 2020-இல் கட்டுரைகள் வந்து குவிந்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு 2,212 கட்டுரைகளில் தொடங்கி, முதல் சலிப்பில் 415-ஐயும், தரம் பார்த்து 62-ஐயும் வடிகட்டியது. மருத்துவமனையில் பயன்படுத்தும் நிலையில் ஒன்றுகூட இல்லை என்று 2021-இல் அறிவித்தது. பல கட்டுரைகளில் கோவிட் இல்லாத பக்கத்துக்கு ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை வைத்திருந்தார்கள். கோவிட் பக்கத்தில் பெரியவர்கள். அந்த மாடல்கள் நோயைக் கற்றனவா, மார்புக்கூட்டின் அளவைக் கற்றனவா என்று யார் சொல்ல முடியும்? உலகமே ஒரு கருவிக்காகக் காத்திருந்த நேரத்தில் அத்தனை பேரின் உழைப்பும் நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால்தான் "எல்லோரும் 98 போடுகிறார்கள்" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அவர்கள் அத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் பார்க்கப் போதுமான கண் மருத்துவர்கள் நம்மிடம் இல்லை. எனவே இந்தத் துறையில் கருவி வந்தே தீரும். அதை வாங்கப்போகும் சுகாதார அதிகாரி உங்கள் கட்டுரையில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார். நேர்மையாக 84 என்று எழுதியவரின் கட்டுரையை, 98.6 என்று எழுதிய உங்கள் கட்டுரையோடு ஒப்பிட்டு நடுவர்கள் திருப்பி அனுப்பியிருக்கவும் கூடும். நானே நடுவராக இருந்தபோது, "இதே தரவில் 98 வந்திருக்கிறதே, உங்களுக்கு ஏன் 85?" என்று சக நடுவர்கள் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். நியாயமாகச் செய்தவர் தலைகுனிய நேர்கிறது. அந்த வரிசையில் இன்னொரு 98 சேர வேண்டாம்.

இனி, கொஞ்சம் கசப்பான செய்தி. உங்கள் 81-உம் முடிவான எண் என்று நான் நம்பவில்லை. இன்னும் மூன்று நான்கு இடங்களில் கசிவு இருக்கலாம். அவற்றை நீங்களே தேடிப் பிடிப்பது நல்லது.

முதல் சந்தேகம் கிரே வுல்ஃப் மீது. ஓநாய், திமிங்கலம் என்று பெயர் சூட்டிய, சிறந்த விடையைத் தேடும் உகப்பாக்க முறைகளை நம் ஊர் தீசிஸ்களில் நிறையப் பார்க்கிறேன். முறையில் குற்றம் இல்லை. அதை எந்தத் தரவின்மேல் ஓட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. எல்லாப் படங்களின் அம்சங்களையும் திரட்டி, தரக் குறியீடுகளையும் கொடுத்து, சிறந்த அம்சங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு பிரித்தீர்கள் என்றால், சோதனைத் தொகுப்பின் விடைகள் தேர்வுக்குள் புகுந்துவிட்டன. மரபணுத் தரவுகளில் இதே பிழை இருப்பதை 2002-இலேயே ஆம்ப்ராய்ஸும் மெக்லாக்லனும் எடுத்துக்காட்டிவிட்டார்கள். நீங்களே ஒரு மாலையில் சோதித்துப் பார்க்கலாம். 50 பேர், ஒவ்வொருவருக்கும் 5,000 அம்சங்கள், எல்லாம் கணினி உருவாக்கிய தற்செயல் எண்கள். பாதிப் பேருக்கு நோய் என்றும் பாதிப் பேருக்கு இல்லை என்றும் குறியுங்கள். இதில் கற்க எதுவுமே இல்லை. உண்மையான பிழை விகிதம் 50 சதவீதம். ஆனால் 50 பேரையும் வைத்து, குறியோடு மிகவும் ஒத்துப்போகும் 100 அம்சங்களை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டுப் பிறகு, தரவைப் பகுதிகளாக்கி மாற்றி மாற்றிச் சோதிக்கும் குறுக்குச் சரிபார்ப்பு செய்தால், பிழை 3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். வெறும் இரைச்சலிலிருந்து 97 சதவீதத் துல்லியம்! பைத்தானில் முப்பது வரிகூட வராது. கைடைப் பார்க்கப் போகும்போது மடிக்கணினியில் இதை ஓட்டிக் காட்டுங்கள். வாதம் செய்வதைவிட இது பலன் தரும்.

அடுத்து, பயிற்சியை எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதை எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? சோதனைத் தொகுப்பில் எண் உச்சத்துக்குப் போன சுற்றைச் சேமித்திருந்தால் அதுவும் கசிவுதான். தரவை மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் உள்ள சரிபார்ப்புத் தொகுப்பு எல்லா முடிவுகளுக்கும் உதவட்டும். சோதனைத் தொகுப்பைக் கடைசியில் ஒரே ஒருமுறை திறங்கள்.

ஆப்டாஸ் படங்களிலேயே சில சிக்கல்கள் இருக்கின்றன. அதில் இரட்டைப் படங்கள் உண்டு. சில இரட்டைகளுக்கு வெவ்வேறு தரம்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. பெயர் வேறாக இருப்பதால் கண்ணில் படாது. ஒவ்வொரு படத்துக்கும், தோற்றத்தைச் சிறு குறியீடாக்கும் பெர்செப்சுவல் ஹாஷ் எடுத்து, ஒத்துப்போகும் படங்களைக் குழுவாக்கி, ஒரு குழு முழுவதும் ஒரே பக்கம் விழும்படி பிரியுங்கள். தரம் முரண்படும் இரட்டைகளை என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். இந்தப் படங்கள் பல மருத்துவ மையங்களில், பல வகைக் கேமராக்களில், நீண்ட காலமாக எடுக்கப்பட்டவை. எந்த அளவுப் படம் எந்தத் தரத்தில் அதிகம் இருக்கிறது என்பதே ஒரு துப்பாகிவிடும். படத்தின் அகலம், உயரம், கோப்பின் எடை ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து ஆம், இல்லை என்று கிளை பிரிந்து முடிவெடுக்கும் ஒரு சாதாரண டெசிஷன் ட்ரீயைப் பயிற்றுவித்துப் பாருங்கள். கண்ணையே காட்டாமல் அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்ற எண்ணையும் தீசிஸில் போடுங்கள். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களின் எக்ஸ்ரேக்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை மாடல் 99.9 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது. எடுக்கும்போது ஓரத்தில் வைக்கும் உலோகக் குறியும் அதற்கு ஒரு துப்பு. நிமோனியா அதிகம் உள்ள மருத்துவமனை எது என்று தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லையே.

இரண்டு கண்களும் ஒரே ஆளுடையவை என்பது இன்னொரு சிக்கல். ஆப்டாஸில் நோயாளி எண் கிடையாது. எனவே நோயாளிவாரியாகப் பிரிக்க உங்களால் முடியாது. இது உங்கள் குற்றமில்லை. வரம்புகள் பகுதியில் ஒரு பத்தி எழுதினால் போதும். 2015-இல் காகிள் தளத்தில் வெளியான ஐபேக்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு படப் பெயரிலும் நோயாளி எண்ணும் இடமா வலமா என்பதும் இருக்கின்றன. நேரம் இருந்தால் அதிலும் ஓட்டிப் பார்க்கலாம்.

நேரம் இல்லையென்றாலும் ஒரு வேலையை மட்டும் விடாதீர்கள். ஆப்டாஸில் பயிற்றுவித்த மாடலை, ஒரு எழுத்தும் மாற்றாமல், வேறு இடத்துப் படங்களில் சோதியுங்கள். மகாராஷ்டிரத்தின் நாந்தேடில் எடுத்த ஐட்ரிட் தொகுப்பு 516 படங்கள்தான். அதே ஐந்து தரங்கள். மெசிடார்-2 தொகுப்பில் 874 நோயாளிகளின் 1,748 பிரெஞ்சுப் படங்கள் உள்ளன. எண் 81-க்குக் கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறது, எந்தத் தரத்தில் இறங்குகிறது என்பதைத்தான் ஒரு கண் மருத்துவர் உங்களிடம் எதிர்பார்க்கிறார். இதே நோயைக் கண்டறியும் கூகுள் குழுவின் மாடல் 2016-இல் பழைய படங்களில் மிகச் சிறப்பாகச் செயல்பட்டதாகக் கட்டுரை வந்தது. அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் வந்த 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறகு அதே கருவி தாய்லாந்தின் சிறிய மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது, முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதவில்லை என்று கருவியே திருப்பிவிட்டது. இருட்டாக்க முடியாத அறை, நீண்ட வரிசை, அவசரத்தில் எடுத்த படம். இந்தத் தகவலையும் அவர்கள் மறைக்காமல் 2020-இல் வெளியிட்டதால்தான் அடுத்து வருபவர்கள் அதற்குத் தயாராகப் போகிறார்கள்.

'துல்லியம்' என்ற ஒற்றை எண்ணையும் கைவிடுங்கள். எல்லாப் படங்களுக்கும் "பாதிப்பு இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கே இந்தத் தரவில் 49 சதவீதம் கிடைத்துவிடும். ஆப்டாஸ் போட்டியில் பயன்படுத்திய அளவுகோல் குவாட்ரடிக் கப்பா. ஐந்து தரங்களையும் 0 முதல் 4 வரை எண்ணிட்டால், தரம் இரண்டை மூன்று என்று சொன்னால் சிறிய தண்டனை; முற்றிய நோயை இல்லை என்று சொன்னால் அதைப்போல் பதினாறு மடங்கு. அதைக் கொடுங்கள். நடுத்தரமும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற கோட்டில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, எத்தனை பேரைத் தேவையில்லாமல் அலைய வைக்கிறது என்பதையும் தனியே கொடுங்கள்.

கடுமையான பிரிவில் உங்கள் சோதனைப் படங்கள் 39 அளவில்தான் இருக்கும், 193-இல் ஐந்தில் ஒரு பங்கு. அதில் 24 சரியென்று வைத்துக்கொள்வோம். 61.5 சதவீதம் என்று எழுதுவீர்கள். ஆனால் 39 படங்களை நம்பிச் சொல்லும்போது, உண்மை 46-க்கும் 75-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே ஒரு படம் மாறினால் எண் இரண்டரைப் புள்ளி நகர்கிறது. அப்படியிருக்க, முந்தைய கட்டுரையைவிட 0.4 சதவீதம் மேம்பட்டது என்று புள்ளிக்குப் பின் இலக்கம் போட்டு எழுதுவதில் என்ன பொருள் இருக்கிறது? அந்த இரு எல்லைகளை, அதாவது நம்பக இடைவெளியை, எழுதுங்கள். ஐந்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பு செய்து எல்லா மடிப்புகளின் எண்ணையும் கொடுங்கள். இவ்வளவையும் செய்த தீசிஸ் என் மேசைக்கு வந்தால், எண் 78 என்றிருந்தாலும் நான் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுவேன்.

தீசிஸை எப்படி மாற்றி அமைப்பது? உங்கள் உழைப்பில் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. இலக்கிய ஆய்வு, முன்செயலாக்கம், மாடலின் கட்டமைப்பு எதுவும் மாறவில்லை. முடிவுகள் அத்தியாயம் மாறுகிறது. கூடவே ஒரு புதிய அத்தியாயம் சேர்கிறது. அதே மாடல், அதே தரவு, சோதிக்கும் முறை மட்டும் வேறு: பெருக்கிவிட்டுப் பிரித்தது, பிரித்துவிட்டுப் பெருக்கியது, இரட்டைப் படங்களை நீக்கியது, அம்சத் தேர்வைப் பயிற்சித் தொகுப்புக்குள் அடைத்தது, வெளித் தொகுப்பில் சோதித்தது. ஒரே அட்டவணையில் எண் படிப்படியாக இறங்குவதைக் காட்டுங்கள். ஆப்டாஸை வைத்து வந்த கட்டுரைகளில் எத்தனை பேர் எந்த வரிசையில் பிரித்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பேர் சொல்லவே இல்லை என்றும் எண்ணி எழுதலாம். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. இதை நல்ல இதழ் எதுவும் ஆர்வத்தோடு பரிசீலிக்கும். இன்னொரு கலப்பு மாடலைவிட இதைத்தான் நான் தேடிப் படிப்பேன்.

கைடிடம் பேசும் விதத்தில் கவனம் வேண்டும். அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அவருக்கும் பயம் இருக்கும். துறையில் மற்றவர்கள் முன்னிலையிலோ மின்னஞ்சலிலோ தொடங்காதீர்கள். நேரம் கேட்டு, தனியாக உட்கார்ந்து, அட்டவணையை முன்னால் வையுங்கள். "சார், தேர்வாளர் யாராவது நிரலைக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அதற்கு முன் நாமே திருத்திவிட்டால் நம் இருவருக்கும் நல்லது. புதிய அத்தியாயம் நான் எழுதி முடித்துவிட்டேன், பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவர் மறுக்க முடியாத ஒரு வேலையை முடித்துக்கொண்டு போவது முக்கியம். பெரும்பாலான கைடுகள் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள். அப்படியும் பிடிவாதமாக இருந்தால், டி.சி. உறுப்பினர்களில் உங்களுக்கு நம்பிக்கையானவரிடம் அதே அட்டவணையோடு போங்கள். அது கைடுக்கு எதிரான புகாராக இருக்கக் கூடாது. ஆய்வு முடிவில் வந்த மாற்றத்தைப் பற்றிய தகவலாகவே இருக்கட்டும். டி.சி. கூட்டக் குறிப்பில் அது பதிவாகிவிட்டால் பிறகு யாரும் உங்களை எதுவும் கேட்க முடியாது.

கட்டுரை எண்ணிக்கை குறையுமே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை யு.ஜி.சி. தன் 2022 ஒழுங்குமுறையில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது, நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு எந்த விதி பொருந்தும் என்று ஆய்வு மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக வரும் பதிலை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இனி அந்தக் கட்டுரை. உடன் ஆசிரியர்கள் எல்லோருக்கும் முதலில் தெரிவித்து, அவர்களுடைய ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, இதழ் ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மன்னிப்புக் கடிதமாக எழுதாதீர்கள். எந்தப் பிரிவில் எந்த வரிசையில் பிரித்தோம், அதனால் எந்த அட்டவணைகள் செல்லாது, சரியாகச் செய்தபோது என்ன எண் வந்தது, திருத்திய நிரல் எங்கே கிடைக்கும் என்ற நான்கு செய்திகள் போதும். கட்டுரையின் முக்கிய முடிவே மாறுவதால் அவர்கள் திருத்தக் குறிப்பு போடாமல், கட்டுரையைத் திரும்பப் பெறவும் கூடும். அந்தச் சொல்லைக் கேட்டதும் அஞ்ச வேண்டாம். இதழ்களின் நெறிமுறைக் குழுவான கோப், திரும்பப் பெறுதல் என்பது ஆய்வுப் பதிவைச் சரிசெய்வதற்கே தவிர ஆசிரியரைத் தண்டிப்பதற்கு அன்று என்று தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்கிறது. அறிவிப்பில் "ஆசிரியர்களே கண்டுபிடித்துத் தெரிவித்த நேர்மையான பிழை" என்ற வரி இடம்பெற வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அந்த வரி உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. 2018-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டு, 2019-இல் வெளியான தன் கட்டுரையின் முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை என்று 2020 ஜனவரியில் தானே ட்விட்டரில் அறிவித்து அதைத் திரும்பப் பெற்றார். அவர்மேல் மதிப்பு கூடியதே தவிர யாரும் குறைத்துப் பேசவில்லை. தாங்களாகவே பிழையைச் சொன்ன ஆசிரியர்களின் மற்றக் கட்டுரைகளுக்கு மேற்கோள் குறைவதில்லை என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வும் கண்டிருக்கிறது. மற்றவர் சொல்லித் தெரியவந்தால்தான் பழைய கட்டுரைகளும் சேர்ந்து அடிபடுகின்றன.

நான்கு மாதத்தில் முடியுமா என்று கேட்பீர்கள். முதல் மாதத்தில் இரட்டைப் படங்களைக் களைந்து, மூன்றாகப் பிரித்து, அம்சத் தேர்வை உள்ளே அடைத்து மீண்டும் ஓட்டிவிடலாம். ஐட்ரிட், மெசிடார் சோதனைக்கு மறு பயிற்சி தேவையில்லை, எனவே இரண்டாம் மாதத்திலேயே கைடைப் பார்க்கும் அளவுக்கு அட்டவணை நிரம்பிவிடும். மூன்றாவது மாதம் எழுத்துக்கு. இதழிலிருந்து பதில் வர ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்காக சினாப்சிஸை நிறுத்திவைக்க வேண்டாம். வெளியீடுகள் பட்டியலில் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டு, அதன் கீழே "முடிவுகளில் பிழை கண்டறியப்பட்டு இதழுக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது, திருத்திய முடிவுகள் இந்த ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில்" என்று, அத்தியாய எண்ணை உங்கள் வரிசைக்கு மாற்றி, தேதியோடு எழுதிவிடுங்கள். இதழுக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.